பெருங்களத்தூர் கார்களும் இரட்டை கார்புரேட்டரும்

பம்மல் வழியாகப் பல்லாவரம் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர். நம் குடியிருப்பில் பலர் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறீர்கள். இன்று ஐ.டி. வளாகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கும் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஒரு காலத்தில் கார் தயாரித்த இடம் என்பது இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கூட்டுடன் 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் சென்னைக்கு ஸ்டாண்டர்ட். முதலில் வேன்கார்ட், 1961 முதல் ஹெரால்ட், 1970-களில் கெஸல், கடைசியாக 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000. நம் பெரியவர்கள் பலருக்கு ஹெரால்ட் நன்றாக நினைவிருக்கும். முன்பக்கம் முழுவதையும் அப்படியே முன்னால் கவிழ்த்துத் திறக்கலாம். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்ப்பார்.

இந்தக் கார்களின் எஞ்சினுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. வேன்கார்டின் எஞ்சின் கவென்ட்ரியில் காருக்கும் போனது, ஃபெர்கூசன் டிராக்டருக்கும் போனது. காரில் அது 2,088 சி.சி., ஒரே கார்புரேட்டர், 68 குதிரைத்திறன். அதே எஞ்சினை 1,991 சி.சி.யாகக் குறைத்து, இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களைப் பொருத்தி, 1953-இல் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். சக்தி 90 குதிரைத்திறனாக உயர்ந்தது. அந்த ஆண்டு மே மாதம், இதற்கெனத் தயார் செய்த ஒரு டி.ஆர்.2 பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது. ஹெரால்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் சாதா ஹெரால்டுக்கு ஒரு கார்புரேட்டர்; அதே 948 சி.சி. எஞ்சினோடு 1959-இல் வந்த கூப்பே மாடலுக்கு இரண்டு.

எஸ்.யு. கார்புரேட்டரைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பத்தினர். 1900-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த முதல் கார்புரேட்டருக்குள் தோலால் ஆன துருத்தி இருந்தது. பிறகு அந்த இடத்தில் பித்தளை பிஸ்டன் வந்தது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க பிஸ்டன் மேலே போகும். அதன் அடியில் கூம்பிய ஊசி ஒன்று ஜெட்டுக்குள் இறங்கியிருக்கும். ஊசி உயர உயர இடைவெளி அகலும். அதற்கேற்றபடி பெட்ரோல் வரும்.

இரண்டு கார்புரேட்டர் என்றால் முன் இரண்டு சிலிண்டருக்கு ஒன்று, பின் இரண்டுக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் வண்டி பறக்கும். ஒன்று மட்டும் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்தாலும் தொல்லைதான். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘ரிச்சா ஓடுது’ என்பார்கள். சைலன்ஸரில் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, ஸ்பார்க் பிளக்கில் கரி, மைலேஜில் அடி.

இதைச் சரிசெய்யும் முறையில் பெரிய கருவி எதுவும் இல்லை. முதலில் ஏர் ஃபில்டர், இக்னிஷன், வால்வு இடைவெளி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்பதும் முக்கியம். எஸ்.யு.வில் சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும். அது சிக்கிக்கொண்டாலே வண்டி ரிச்சாக ஓடும். மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் ஏறியிருந்தாலும், ஜெட் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். இவை சரியென்றால் எஞ்சினைச் சூடாக்கி, இரண்டையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்த வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் ‘உஸ்’ சத்தம் ஒரே அளவாக வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும்.

அடுத்து கலவை. ஒரு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகமெடுத்து அப்படியே நின்றால் ரிச். ஜெட் நட்டை ஒரு பட்டை மேலே திருப்ப வேண்டும். எஞ்சின் தடுமாறி அணையப் போனால் பெட்ரோல் போதவில்லை. நட்டைக் கீழே இறக்க வேண்டும். லேசாக வேகமெடுத்துப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடுத்ததற்கும் அதே சோதனை. ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். அதனால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பொறுமையும் காதும் இருந்தால் அரை நாள் வேலை.

அந்த எஞ்சின் கடைசியில் நம் ஊருக்குத்தான் திரும்பியது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000-இன் எஞ்சினும் அதே வேன்கார்ட் வம்சத்து 1,991 சி.சி.தான். பெரிய, கனமான கார். பெட்ரோல் செலவு அதிகம். அதற்குள் மாருதி 800 வந்து மக்களுக்குச் சிக்கனத்தைப் பழக்கிவிட்டது. 1988-இல் உற்பத்தி நின்றது. பிறகு 2000 முதல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் பைக், ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் அதே நிலைதான்.

இதை இன்று நாம் ஏன் பேச வேண்டும்? இரண்டு காரணங்கள். ரிச்சாக ஓடும் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பழைய கார், பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதை மூடிய பார்க்கிங்கில் ஓடவிட்டு டியூன் செய்யாதீர்கள்; வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதேபோல், புகை விடுகிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய வண்டியை ‘காயலான் கடைக்குப் போடுங்கள்’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பல நேரம் அதற்குத் தேவை நட்டில் இரண்டு பட்டைத் திருப்பம்தான். 50 வயதைத் தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021 முதல் மத்திய அரசு விதியே இருக்கிறது.

வண்டி கிடைத்தாலும், காதால் டியூன் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா, மாமா, சித்தப்பா யாராவது ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையிலோ ஜி.எஸ்.டி. சாலை ஒர்க்‌ஷாப்பிலோ வேலை பார்த்தவரா? சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு ரப்பர் குழாயோடு அவரை நம் பிள்ளைகள் முன் உட்கார வைப்போம்.