என்றும் நிறைவடையாதவள்: ஒரு மின்வண்டியின் பெயர் வரலாறு

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என நம் இலக்கண ஆசிரியர்கள் இரு வகையாகப் பகுத்து வைத்தார்கள். மரம், மண் என்பன இடுகுறிப் பெயர்கள். பறப்பதனால் பறவை, அணியப்படுவதனால் அணி என்பன காரணப் பெயர்கள். மோட்டார் வண்டிகளுக்கு இடப்படும் பெயர்களை இந்தப் பாகுபாட்டில் அடக்க முயன்றால் நாம் சற்றுத் திகைக்க நேரும். மெர்சிடிஸ் என்னும் புகழ்பெற்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எமில் யெல்லினெக் என்ற வணிகர் ஜெர்மனியில் செய்யப்பட்ட வண்டிகளை வாங்கி விற்றவர். அவர் தம் சிறிய மகளின் பெயரை அவ்வண்டிகளுக்குச் சூட்டினார். அந்தச் சிறுமிக்கும் வண்டியின் இயந்திரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தந்தையின் அன்பு ஒன்றே காரணம்.

ஆனால் 1899ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஓடிய ஒரு மின்சார வண்டியின் பெயர், ஐயத்துக்கு இடமின்றிக் காரணப் பெயராகும். அந்தக் காரணத்தை விளக்க வேண்டுமாயின் ஏறத்தாழ நான்கு மாத காலத்தில் நிகழ்ந்த ஒரு போட்டியின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் பெயரின் பொருளைப் பார்ப்போம்.

பெயர் ‘லா ஜமே கோந்தாந்த்’ என்பது. பிரெஞ்சு மொழியில் ‘ஜமே’ என்றால் ஒருபோதும் இல்லை என்று பொருள். ‘கோந்தாந்த்’ என்பது மனநிறைவு உடையவள் எனப் பொருள்படும். ‘லா’ என்பது பெண்பாற் சொற்களுக்கு முன் வரும் அடைச்சொல். மூன்றையும் சேர்த்தால் ‘என்றும் நிறைவடையாதவள்’ என்பது பொருளாகிறது. எதைக் கொடுத்தாலும் போதாது என்று முணுமுணுப்பவரைக் குறிக்க அந்நாட்டு மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்றொடர்தான் இது. வீட்டுப் பேச்சில் பிறந்த ஏளனச் சொல்லே அன்றிப் புலவர் அவையில் பிறந்த சொல் அன்று.

வண்டியை ‘அவள்’ என்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் ஆங்கிலம் நடத்திய காலத்தில், கப்பலை அவர்கள் ஏன் ‘அவள்’ என்று சொல்கிறார்கள் எனக் கேட்காத மாணவர் கூட்டத்தை நான் கண்டதில்லை. ஆங்கிலத்தில் அது ஒரு வழக்கம் மட்டுமே. பிரெஞ்சிலோ அது இலக்கண விதி. அம்மொழியில் அஃறிணை என்ற ஒன்று கிடையாது. நாற்காலி பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரில்லாப் பொருள்களும் இரண்டில் ஒரு பாலைச் சேர்ந்தே தீரவேண்டும். வண்டியைக் குறிக்கும் ‘வுவாத்யூர்’ என்ற சொல் பெண்பால். ஆதலின் வண்டியின் பட்டப்பெயரும் பெண்பாலாயிற்று. வண்டி என்ற சொல் பெயரில் இல்லை. அது வெளியே மறைந்து நிற்கிறது. ‘பொற்றொடி வந்தாள்’ என்னும் அன்மொழித்தொகையில் தொடியை அணிந்த பெண் மறைந்து நிற்பதை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், குதிரை இல்லாமல் ஓடும் வண்டிக்கு எந்த ஆற்றல் உகந்தது என்பது முடிவாகவில்லை. நீராவி, பெட்ரோல், மின்சாரம் ஆகிய மூன்றும் களத்தில் நின்றன. நீராவி வண்டிக்கு முதலில் கொதிகலனைச் சூடாக்க வேண்டும். பெட்ரோல் வண்டியின் கைப்பிடியை வலிமை கொண்ட மட்டும் சுழற்ற வேண்டும். அது கிளம்பிய பின்னரோ புகையும் ஓசையும் தெருவை நிறைக்கும். மின்சார வண்டி மட்டும் விசையைத் திருப்பியதும் ஓசையின்றிப் புறப்பட்டது. 1897இல் இலண்டன் தெருக்களில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. வருங்காலம் மின்சாரத்துக்கே உரியது என்று கற்றவர் பலர் அப்பொழுது நம்பியதில் வியப்பில்லை.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், பாரிசுக்கு அருகில் உள்ள அஷேர் என்னுமிடத்தில், ஒரு பிரெஞ்சு மோட்டார் இதழ் வேகப் போட்டி ஒன்றை நடத்தியது. பாரிசு நகரத்தின் கழிவுநீரைப் பாய்ச்சிப் பயிரிட்ட வயல்கள் அங்கே இருந்தன. அவற்றின் இடையே நேரான, மக்கள் நடமாட்டம் குறைந்த சாலை இருந்தமையால் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். உலகச் சாதனைகள் சாக்கடைநீர் வயலோரத்தில் பிறந்தன என்பதை மாணவர்கள் மறவாதிருத்தல் நன்று! அன்று காஸ்தோன் ஷாஸ்லூ-லோபா என்னும் பிரபு, ஜான்தோ என்ற பட்டறையார் கட்டிய மின்வண்டியில் ஒரு கிலோமீட்டரை 57 விநாடிகளில் கடந்தார். தரையில் ஓடும் மோட்டார் வண்டியின் வேகத்துக்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட முதற் சாதனை அதுவே. ஒரு மணிக்கு 3,600 விநாடிகள். அதனை 57ஆல் வகுத்தால் மணிக்கு 63 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த வேகம் கிடைக்கும். அடுத்து வரும் கணக்குகளையும் இவ்வாறே நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அன்றைய போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர், செய்தி அறிந்ததும் பிரபுவைப் போட்டிக்கு அழைத்தார். அவர்தாம் கமீய் ஜெனாட்ஸி. 1868இல் பெல்ஜியத்தில் பிறந்தவர், பொறியியல் கற்றவர், பாரிசில் மின்வண்டிகள் கட்டும் தொழிலை நடத்தியவர். முந்தைய மாதத்தில்தான் ஷான்தலூ என்ற ஊரின் மேட்டுச் சாலையில் நடந்த மலையேற்றப் போட்டியில் தம் மின்வண்டியைக் கொண்டு முதலிடம் பெற்றிருந்தார். அவருடைய தாடி செம்பட்டை நிறம். அதனாலும் அவர் வண்டி ஓட்டும் துணிச்சலாலும் ‘சிவப்புச் சைத்தான்’ என்ற பட்டம் அவருக்கு வாய்த்தது. தம் வண்டிகளின் திறம் பிரபுவின் வண்டிக்குக் குறைந்ததன்று என்று காட்டுவது அவருக்கு மானப் பிரச்சினை மட்டும் அன்று, தொழிலின் பிழைப்பும் ஆகும்.

1899 ஜனவரி 17ஆம் நாள் இருவரும் அஷேர் சாலையில் சந்தித்தார்கள். ஜெனாட்ஸி 54 விநாடிகளில் கிலோமீட்டரைக் கடந்தார். சாதனை அவருடையதாயிற்று. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? அதே நாளில் பிரபு 51.2 விநாடிகளில் ஓட்டி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பத்து நாள் கழித்து, 27ஆம் நாள், ஜெனாட்ஸி 44.8 விநாடிகள். மார்ச் 4ஆம் நாள் பிரபு 38.8 விநாடிகள், அதாவது மணிக்கு 92 கிலோமீட்டருக்கு மேல். இரண்டரை மாதங்களுக்குள் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகி விட்டது. இத்தனையும் மின்சாரத்தால் நிகழ்ந்தது. பெட்ரோல் வண்டி இந்தப் பந்தயத்தின் அருகிலும் வரவில்லை.

ஜெனாட்ஸி இப்பொழுது வேறு வழியில் சிந்தித்தார். அதுவரை மின்வண்டி என்பது குதிரையைக் கழற்றிவிட்ட கோச்சு வண்டியின் உருவத்திலேயே இருந்தது. காற்றை எதிர்த்துச் செல்ல அந்த உருவம் ஏற்றதன்று. எனவே ரோட்ஷில்டு என்ற பாரிசு வண்டிப் பட்டறையில், இரு முனைகளும் கூர்ந்து நடுவில் பருத்த ஓர் உடலை, பார்ட்டினியம் என்னும் எடை குறைந்த அலுமினியக் கலவை உலோகத்தால் செய்வித்தார். பின் அச்சில் இரண்டு மின் மோட்டார்களைப் பற்சக்கரமோ சங்கிலியோ இடையில் இன்றி நேரே பொருத்தினார். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 68 குதிரைத்திறன் தந்தன. மிஷலின் நிறுவனத்தின் காற்றடைத்த டயர்கள், ஃபுல்மென் நிறுவனத்தின் சேமக்கலங்கள். ‘ஃபுல்மென்’ என்பது இலத்தீனில் இடிமின்னலைக் குறிக்கும் சொல். அதுவும் காரணப் பெயரே.

இந்த வண்டியைக் கண்டவர்கள் அதன் உருவத்தை டார்ப்பிடோவுக்கு ஒப்பிட்டார்கள். கடற்போரில் கப்பலைத் தகர்க்க நீருக்கடியில் விடும் எறிகுண்டுதான் டார்ப்பிடோ. இந்தச் சொல்லின் பிறப்பு சுவையானது. ஆதியில் டார்ப்பிடோ என்பது குண்டின் பெயரே அன்று. அது ஒரு மீன். தொட்டவரின் கை மரத்துப் போகும்படி மின்னதிர்ச்சி தரும் திருக்கை இனத்து மீனை உரோமானியர் ‘மரத்துப்போதல்’ என்னும் பொருளுடைய அச்சொல்லால் அழைத்தார்கள். தலைவலிக்கு அந்த மீனை நெற்றியில் வைக்கும்படி சொன்ன உரோமானிய மருத்துவரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராபர்ட் ஃபுல்ட்டன் என்ற அமெரிக்கர், நீருக்கடியில் மறைந்திருந்து தாக்கும் தம் வெடிக்கு அந்த மீனின் பெயரை இட்டார். பின்னர் அது நீந்திச் செல்லும் எறிகுண்டுக்கு உரியதாயிற்று. மின்மீனின் பெயர் வெடிக்குப் போய், வெடியின் உருவம் மின்வண்டிக்கு வந்து சேர்ந்தது. சொற்கள் செல்லும் சுற்றுவழியைப் பாருங்கள்.

உருவம் கூர்மையாயினும் குறை ஒன்று இருந்தது. ஓட்டுபவர் உட்புறம் அமராமல் இடுப்புக்கு மேல் வெளியே தெரிய, குதிரைமேல் அமர்ந்தவர்போல் நிமிர்ந்தே இருந்தார். சக்கரங்களும் கீழே வெளிப்பட்டு நின்றன. காற்றுக்கு அஞ்சி வண்டியைக் கூராக்கிவிட்டுத் தம் மார்பையே காற்றுக்குக் கொடுத்தார் ஜெனாட்ஸி. புதுமை பிறக்கும்பொழுது பழமையின் ஒரு பகுதியையும் உடன் கொண்டே பிறக்கும் என்பதற்கு இந்த வண்டியின் படம் நல்ல சான்று.

1899 ஏப்ரல் 29ஆம் நாள் அஷேர் சாலையில் அந்த வண்டி ஒரு கிலோமீட்டரை 34 விநாடிகளில் கடந்தது. மணிக்கு 105.88 கிலோமீட்டர். இருப்புப்பாதையில் நீராவி இரயில்கள் முன்பே நூறைத் தாண்டியிருந்தன. ஆனால் சாலையில் மோட்டார் வண்டி ஒன்று மணிக்கு நூறு கிலோமீட்டர் என்ற எல்லையைக் கடந்தது அன்றுதான்.

இப்பொழுது பெயரை மீண்டும் பாருங்கள். 54 விநாடிகள் போதவில்லை. 44.8 போதவில்லை. பெற்ற வெற்றி ஒவ்வொன்றும் சில மணி நேரமோ சில வாரமோ நிலைத்து, பின் கைவிட்டுப் போயிற்று. இப்படி ஓடியவரின் வண்டிக்கு ‘என்றும் நிறைவடையாதவள்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? வெற்றி வீரன் என்றோ மின்னல் என்றோ பெருமிதமாக ஒரு பெயர் வைப்பதற்கு யாரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள். ஜெனாட்ஸியின் வண்டி தன்னைத் தானே எள்ளி நகையாடும் பெயரைத் தாங்கி ஓடிற்று. வண்டிப் பெயர்களில் இத்துணை நேர்மையை அரிதாகவே காண்கிறோம் என்பது என் கருத்து.

ஆனால் மின்வண்டியிடம் மக்கள் கொண்ட மனக்குறை வேகத்தைப் பற்றியதன்று. அது தூரத்தைப் பற்றியது. 1859இல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்த ஈயச் சேமக்கலத்தின் வழியிலேயே அன்றைய மின்வண்டிகள் ஓடின. ஈயம் கனமானது. ஜெனாட்ஸியின் வண்டி ஏறத்தாழ ஒன்றரை டன் எடையிருந்தது. அதில் சேமக்கலங்களின் பாரமே மிகுதி. ஒரு கிலோமீட்டர் பாய்ந்து காட்ட அது போதும். ஊர்விட்டு ஊர் செல்லப் போதாது. ஒரு தகரக் குவளைப் பெட்ரோலில் அடங்கிய ஆற்றலை ஈயத்தில் அடக்கப் பெருஞ்சுமை வேண்டியிருந்தது. சாதனையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1902 ஏப்ரலில் நீஸ் நகரில் லியோன் செர்ப்பொலே தம் நீராவி வண்டியில் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டினார். முட்டை போன்ற உருவத்தால் ‘ஈஸ்டர் முட்டை’ எனப் பெயர் பெற்ற வண்டி அது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பெட்ரோல் வண்டி அவரையும் முந்திற்று. 1912இல் அமெரிக்காவின் காடிலாக் வண்டிகளில், கைப்பிடி சுழற்றாமல் மின் விசையால் கிளப்பும் கருவி பொருத்தப்பட்டது. மின்சாரம் தன் போட்டியாளனுக்கே அவ்வாறு கைகொடுத்தது. அதன்பின் மின்வண்டி மெல்ல மெல்லச் சாலையை விட்டு மறைந்தது.

ஜெனாட்ஸியும் மின்சாரத்தோடு நிற்கவில்லை. 1903இல் அயர்லாந்தில் நடந்த கோர்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில் அவர் வென்றது மெர்சிடிஸ் பெட்ரோல் வண்டியில். அதே ஆண்டில் ஷாஸ்லூ-லோபா இளமையிலேயே காலமானார். ஜெனாட்ஸிக்குச் சாவு பந்தயச் சாலையில் வரவில்லை. 1913 டிசம்பரில் பெல்ஜியக் காட்டில் நண்பர்களோடு வேட்டைக்குச் சென்றவர், வேடிக்கைக்காகப் புதரில் மறைந்து விலங்கைப்போல் ஒலி எழுப்பினார். உண்மையென நம்பிய நண்பர் சுட்டுவிட்டார்.

வண்டி தப்பிப் பிழைத்தது. பிரான்சு நாட்டுக் கொம்பியேன் நகரிலுள்ள தேசிய வண்டி அருங்காட்சியகத்தின் உடைமையாக அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. பெயரும் பிழைத்தது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பான்வில் உப்புவெளியில், ஈயத்துக்குப் பதில் லித்தியம் மின்கலங்களைத் தாங்கிய நீண்ட அம்பு போன்ற ஒரு மின்வண்டி மணிக்கு 495 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிற்று. அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு விநாடிகளுக்குச் சற்றே மிகுந்த நேரம் போதும். மொனாக்கோ நாட்டு வென்ச்சூரி நிறுவனமும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவர்களும் சேர்ந்து கட்டிய அந்த வண்டிக்கு, முன்னோடியை நினைந்து ‘ஜமே கோந்தாந்த்’ என்றே பெயரிட்டிருந்தார்கள். அதே குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்து, 2016 செப்டம்பரில், இன்னொரு வண்டியை அதே உப்புவெளிக்குக் கொண்டுவந்து 549 கிலோமீட்டர் வேகம் கண்டார்கள். அந்த வண்டிக்கு இட்ட பெயரில் சில முதலெழுத்துகளும் மூன்று என்ற எண்ணும் மட்டுமே இருந்தன.