தொழிற்கட்சியின் தோல்வியும் அதற்குப் பின்னும்



தேர்தல் முடிந்த மறுநாள் வென்றவர்களின் படங்கள் பத்திரிகையில் வருகின்றன. மாலை போடுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள். தோற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. நம் நாட்டு வரலாற்றில் பலமுறை தோற்ற ஒரு கூட்டத்தாரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். மலாயாத் தொழிற்கட்சியினரும் அவர்களோடு சேர்ந்து நின்ற இடதுசாரிகளுமே அவர்கள். இந்தக் கதை தோட்டத்து லயத்தில் தொடங்கி, சுங்கை வே தொழிற்சாலை வாசல் வரை வருகிறது.

சுங்கை வேயை உங்களில் பலர் அறிவீர்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. அவசரகாலத்தில் மக்களைக் கம்பிவேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமங்களில் ஒன்று. அதை அடுத்த பெட்டாலிங் ஜெயா நகரமோ, 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தை அழித்து எழுப்பப்பட்டது. பால்மரம் நின்ற மண்ணில் முதலில் வீடுகள் வந்தன. பிறகு ஆலைகள் வந்தன. 1970-களில் சுங்கை வேயில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தபோது, மங்கும் கத்தியும் பிடித்த தாய்மார்களின் பெண்மக்கள் ஆலை பஸ்ஸில் ஏறி, மின்னணுச் சில்லுகளைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்துக் கம்பி ஒட்டும் வேலைக்குப் போனார்கள். அந்தப் பெண்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமை கிடைத்ததா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதற்குச் சில நாள் முன்பே தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணைவது தடை செய்யப்பட்டது. அந்தத் தொழிலிலேயே 3 ஆண்டு அனுபவம் இல்லாதவர் சங்கப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்றும் விதித்தார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் இதனால் சிதறிப்போயிற்று. அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் பல தோட்டங்களில் சங்கம் என்ற சொல்லைச் சொல்லவே ஆட்கள் அஞ்சினார்கள். பெரட்டுக் களத்தில் வாயைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்ததே தோட்டத் தொழிலாளியின் பெரிய பலவீனம்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1952-இல் மாநிலத் தொழிற்கட்சிகள் ஒன்றுகூடின. அப்படி உருவான அகில மலாயாத் தொழிற்கட்சி பின்னர் மலாயாத் தொழிற்கட்சி எனப் பெயர் பெற்றது. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், சங்க ஊழியர்கள் ஆகியோரே அதில் மிகுதி. ஆங்கிலம் படித்த இவர்கள் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பவர்கள். சமதர்மம் பேசினாலும் துப்பாக்கியை நம்பாதவர்கள்.

1955 ஜூலை 27-ஆம் நாள் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. மொத்தம் 52 இடங்கள். அதில் கூட்டணிக்கட்சி 51 இடங்களைப் பிடித்தது. எஞ்சிய ஒன்றும் இஸ்லாமியக் கட்சிக்குப் போயிற்று. தொழிற்கட்சி நிறுத்தியது 4 பேரை. நால்வரும் தோற்றார்கள். கட்சிக்குக் கிடைத்த வாக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

தொழிலாளர் நிறைந்த நாட்டில் தொழிலாளர் கட்சிக்கு ஏன் இந்தக் கதி? காரணம் எளிது. தொழிலாளரில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை! அன்றைய வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். சுரங்கத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் ரயில்வேயிலும் உழைத்த சீனரும் இந்தியரும் பெரும்பாலும் பிரஜாவுரிமை பெறாதவர்கள். இந்தியர் பங்கு நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை. உங்கள் தாத்தா அன்று நாள்தோறும் 400 மரம் வெட்டியிருக்கலாம். ஆனால் தேர்தல் பதிவேட்டில் அவர் பெயர் இருந்திருக்காது.

இதே காலத்தில் இலங்கையில் நடந்ததையும் இங்கே நினைவுகூரலாம். அங்கே 1947 தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு தொகுதிகளில் அவர்கள் வாக்கு இடதுசாரிகளுக்கும் துணையாயிற்று. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராகி, அதைத் தொடர்ந்து வாக்கும் இழந்தார்கள். அங்கே இருந்த வாக்கு பறிபோனது, இங்கே வாக்கு இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

தோற்ற தொழிற்கட்சி என்ன செய்தது? மூன்று காரியங்களைச் செய்தது என்று சொல்லலாம். அவற்றில் முதலாவது, கூட்டாளி தேடியது. 1955 நவம்பரில் அகமது பூஸ்தாமாம் மக்கள் கட்சியைத் தொடங்கியிருந்தார். கம்பத்து மலாய் விவசாயிகளிடையே வேலை செய்த கட்சி அது. நகரத் தொழிலாளர் கட்சியும் கிராமத்து விவசாயிகள் கட்சியும் 1957-இல் சோஷலிஸ்ட் முன்னணியாக இணைந்தன. இன அடிப்படையில் கட்சிகள் வளர்ந்த காலத்தில் இது துணிச்சலான முயற்சி. நடைமுறையில் அது முழுமையாகக் கைகூடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது, சிறிய தேர்தல்களில் இறங்கியது. சாக்கடை, தெருவிளக்கு, அங்காடி உரிமம் முதலிய அன்றாடக் காரியங்களைக் கவனிக்கும் நகரசபைகளில் தொழிற்கட்சி தன் ஆட்களை நிறுத்தியது. 1957 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மாநகரசபையைக் கைப்பற்றியது. டி.எஸ். ராமநாதன் என்ற தமிழ் ஆசிரியர் அந்த நகரின் முதல் மேயரானார். பொதுத் தேர்தலில் படுதோல்வி கண்ட கட்சி, இரண்டரை ஆண்டில் ஒரு மாநகரை ஆண்டது. ராமநாதன் பின்னர் கட்சியோடு பிணங்கி விலகியது வேறு கதை.

இனிச் சொல்லப்போவதே நம் குடும்பங்களுக்கு நெருக்கமானது. சுதந்திரத்தோடு வந்த அரசியல் சட்டம் பிரஜாவுரிமையின் கதவை அகலத் திறந்தது. மெர்டேக்கா நாளுக்குப் பின் இங்கே பிறக்கும் குழந்தை பிரஜை ஆயிற்று. குறித்த காலம் இங்கே வாழ்ந்த பெரியவர்கள் விண்ணப்பம் செய்யலாம். முதல் ஓராண்டுக்குள் மனுப்போட்டால் மலாய் மொழிச் சோதனையும் இல்லை. அந்த ஓராண்டு எத்தனை அருமையான ஓராண்டு! மனுப்போட்டவர் நீலக் கார்டு வாங்கினார். "நமக்கு ஊரில் நிலம் இருக்கிறது, எதற்கு இது?" என்று இருந்துவிட்டவர் சிவப்புக் கார்டோடு நின்றார். 1969-க்குப் பின் வேலை பெர்மிட் சட்டம் கடுமையாக அமலானபோது, சிவப்புக் கார்டுக்காரர் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறிய துயரத்தைப் பல குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை.

புதிய பிரஜைகளால் வாக்காளர் தொகை 1959-இல் 21 லட்சத்தைத் தாண்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 19-இல் நடந்த தேர்தலில் 104 இடங்களில் சோஷலிஸ்ட் முன்னணி 8 இடங்களைப் பெற்றது. ஐந்து சிலாங்கூரில், மூன்று பினாங்குப் பக்கத்தில். ரயில்வே ஊழியரும் ஆலைத் தொழிலாளரும் வாழ்ந்த பங்சாரில் வி. டேவிட் வென்றார். தாமன்சாராவில் சீக்கியரான கரம் சிங் வென்றார். செத்தாப்பாக்கில் பூஸ்தாமாம். வடக்கே செபராங் செலாத்தானில் வி. வீரப்பன். நால்வரில் இருவர் தமிழர், ஒருவர் சீக்கியர், ஒருவர் மலாய்க்காரர்.

டேவிட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1932-இல் பிறந்தவர். இருபது வயது கடந்த சில ஆண்டுகளிலேயே தேசிய ஆலை மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தினார். 1958-இல் அச்சங்கத்தின் பதிவு ரத்தாயிற்று. அவரும் காவலில் வைக்கப்பட்டார். மறு ஆண்டு அதே மனிதர் மக்கள் வாக்கால் நாடாளுமன்றத்துக்குப் போனார். சங்கத்தைக் கலைத்தார்கள், சங்கத்தில் இருந்தவர்களைக் கலைக்க முடியவில்லை.

அப்போது தோட்டப்புறத்தை வாட்டிய பெருஞ்சிக்கல் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிக் கைமாற்றினார்கள். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தார்கள். தமிழ்ப்பள்ளிகளும் ஆட்டம் கண்டன. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸீஸ் ஆராய்ந்து நூலாகவே எழுதினார். இதற்கு விடை தேடியவர்கள் இடதுசாரிகள் மட்டுமல்லர். அரசாங்கப் பக்கமிருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் பங்குப் பணத்தைக் கொண்டு கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். இந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். எதிர்க்கட்சியினர் கூலியையும் வேலைப் பாதுகாப்பையும் பற்றி மன்றத்தில் கேள்வி எழுப்பினார்கள். இரண்டும் வேண்டியிருந்தன என்பதே என் கருத்து.

1964 ஏப்ரலில் மறுபடியும் தேர்தல். அப்போது இந்தோனேசியாவுடன் 'கொன்ஃப்ரொந்தாசி' மோதல் நடந்துகொண்டிருந்தது. நாடே ஆபத்தில் இருக்கிறது, அரசாங்கத்தின் பக்கம் நில்லுங்கள் என்ற குரல் ஓங்கியது. பூஸ்தாமாம் 1963 பிப்ரவரியிலேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து மக்கள் செயல் கட்சியும் களத்தில் இறங்கியது. முன்னணிக்கு எஞ்சியது 2 இடங்கள்தாம், பத்துவில் டாக்டர் டான் சீ கூன், டத்தோ கிராமாட்டில் லிம் கியன் சியூ. பங்சாரில் டேவிட், மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயரிடம் சில நூறு வாக்குகளில் தோற்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1959-இல் முன்னணி பெற்ற வாக்கு நூற்றுக்கு 13 அளவு. 1964-இல் அது 16 ஆக உயர்ந்தது. வாக்கு கூடியும் இடம் குறைந்தது. எண்ணிக்கையில் வெல்வது வேறு, தொகுதியில் வெல்வது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் நம் நாட்டில் குறைவு.

இந்த முறை எழுந்து நிற்பது கடினமாயிற்று. 1965-இல் நகரசபைத் தேர்தல்களே நிறுத்திவைக்கப்பட்டன. கட்சியை ஒருமுறை காப்பாற்றிய ஏணி அதனால் போய்விட்டது. கைதுகள் தொடர்ந்தன. மக்கள் கட்சி விலக, 1966-இன் தொடக்கத்தில் முன்னணி முடிவுக்கு வந்தது. தொழிற்கட்சிக்குள் தேர்தல் பாதையில் நம்பிக்கை இழந்தவர்களின் கை ஓங்கியது. அவர்கள் 1969 தேர்தலைப் புறக்கணித்தார்கள். 1972-இல் கட்சியின் பதிவும் ரத்தாயிற்று. புறக்கணிப்பு தவறான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. தொழிலாளி அரும்பாடுபட்டுப் பெற்ற வாக்கை வீட்டில் வைத்துப் பூட்டச் சொல்வது எப்படி நியாயமாகும்? ஆனால் சிறைக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்களின் கசப்பையும் நாம் புரிந்துகொள்ளலாம்.

கட்சி தேய்ந்தாலும் தொழிலாளர் சும்மா இருந்துவிடவில்லை. மலாக்காவின் புக்கிட் ஆசஹான் தோட்டத்து ஆட்கள் 1967-இல் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டு வந்தார்கள். இந்தியரும் சீனரும் சேர்ந்து நடந்த நடை அது. தோட்டப்புறத்தின் பெரிய சங்கமான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954 முதல் பி.பி. நாராயணன் தலைமையில் வேறு வழியில் சென்றது. கட்சி அரசியலில் கலவாமல், முதலாளிமார் சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் செய்வது அவர் வழி. அது மெதுவான வழி என்று இடதுசாரிகள் குறை கூறினார்கள். பாதுகாப்பான வழி என்று நாராயணன் பக்கத்தார் சொன்னார்கள். இந்த வழக்கு லயத்துத் திண்ணைகளில் வெகுகாலம் நடந்தது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

டேவிட் 1968-இல் டான் சீ கூன் முதலானோருடன் சேர்ந்து கெராக்கான் கட்சியை அமைத்தார். 1969-இல் பினாங்கிலிருந்து மீண்டும் மன்றம் புகுந்தார். பின்னர் ஜனநாயக செயல் கட்சியில் சேர்ந்து 1978-இல் தாமன்சாராவிலும், 1986-இல் பூச்சோங்கிலும் வென்றார். கட்சி மாறிக்கொண்டே இருந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மைதான். ஆனால் சங்கத்தை அவர் மாற்றவில்லை. நீண்டகாலம் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தை நடத்தினார். 1980-களில் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். 1987-இல் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார்.

இங்கேதான் கதை சுங்கை வேக்குத் திரும்புகிறது. மின்னணு ஆலைப் பெண்கள் மின்சாரச் சாதனத் தொழிலாளர் சங்கத்தில் சேர முயன்றபோது, "மின்னணு வேறு, மின்சாரம் வேறு" என்று அரசாங்கம் மறுத்துவிட்டது. அந்நிய முதலீடு போய்விடும் என்ற அச்சமே காரணம். தொழிற்சங்கக் காங்கிரஸ் இதை அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனம் வரை கொண்டு சென்றது. அமெரிக்கத் தொழிற்சங்கங்களும் மலேசியாவுக்குரிய வரிச்சலுகையை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்டன. 1988 செப்டம்பரில் மின்னணுத் தொழிலாளர் சங்கம் அமைக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. பெண்கள் மகிழ்ந்தார்கள். சில வாரங்களில் அந்த அறிவிப்பு சுருங்கிவிட்டது. தேசியச் சங்கம் கூடாது, அந்தந்த ஆலைக்குள் மட்டும் சங்கம் வைக்கலாம் என்றார்கள். ஓர் ஆலைக்குள் அடைபட்ட சங்கத்துக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பதை, ஒரு தோட்டத்துக்குள் அடைபட்டு வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டேவிட் 2005-இல் காலமானார். ஒரே தேசியச் சங்கம் என்ற கோரிக்கை அவர் காலத்தில் நிறைவேறவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 2009, 2010-ஆம் ஆண்டுவாக்கில், மின்னணுத் தொழிலாளருக்கு வட்டார அளவில் நான்கு சங்கங்கள் அமைக்க அனுமதி கிடைத்தது. சிலாங்கூர் ஆலைகளில் வேலை செய்வோர் மேற்கு வட்டாரச் சங்கத்தில் சேரலாம். முதல் ஆலை பஸ்ஸில் சுங்கை வேக்கு வந்த பெண்களில் பலர் அதற்குள் ஓய்வு பெறும் வயதை எட்டியிருந்தார்கள்.