மார்த்தொரானா: பலெர்மோவின் கிரேக்கத் தேவாலயம்

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் மார்த்தொரானா என்று வழங்கும் தேவாலயத்தைக் கட்டியவர் அந்தியோக்கியாவின் ஜார்ஜ். சிரியாவிலிருந்து வந்த கிரேக்கக் கிறிஸ்தவரான இவர், துனிசிய ஆட்சியாளர்களிடம் பணியாற்றிய பின் சிசிலிக்கு வந்து, நார்மன் அரசர் இரண்டாம் ரோஜரின் கடற்படைத் தலைவரானார். 1143-இல் தேவாலயத்துக்கு அவர் வழங்கிய கொடைச் சாசனம் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டது. அரசர் லத்தீன் திருச்சபையைச் சேர்ந்தவராக இருந்தும், இங்கே கிரேக்கக் குருமார் பைசாந்திய மரபுப்படி வழிபாடு நடத்தினர்.

கட்டடமும் அம்மரபைச் சேர்ந்தது. நான்கு தூண்கள் நடுக் குவிமாடத்தைத் தாங்குகின்றன. குவிமாடத்தின் உச்சியில் கிறிஸ்து அரியணையில் வீற்றிருக்க, நான்கு தலைமைத் தூதர்கள் அவரைச் சூழ்ந்து வணங்குகிறார்கள். எல்லாம் பொன்னொளி வீசும் மொசைக் வேலை. குவிமாடத்தின் அடியிலுள்ள மரச்சட்டத்தில் பைசாந்திய வழிபாட்டுப் பாடல்கள் அரபி மொழியில் எழுதப்பட்டுள்ளன. மேலும் இரு மொசைக்குகள் கட்டியவரையும் அரசரையும் காட்டுகின்றன: ஒன்றில் ஜார்ஜ் மரியன்னையின் காலடியில் விழுந்து வணங்குகிறார், மற்றொன்றில் பைசாந்தியப் பேரரசரின் உடையில் நிற்கும் ரோஜருக்குக் கிறிஸ்து முடிசூட்டுகிறார். 1184-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கு வந்த முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர், தேவாலயத்தின் அழகையும் அதன் மணிக்கூண்டையும் வியந்து எழுதினார்.

காலப்போக்கில் சிசிலியில் கிரேக்கக் கிறிஸ்தவ மரபு தேய்ந்து, லத்தீன் திருச்சபை வலுத்தது. 1430-களில், அருகிலிருந்த பெனடிக்டைன் கன்னியர் மடத்துக்கு இத்தேவாலயம் வழங்கப்பட்டது. 1194-இல் அம்மடத்தை நிறுவிய மார்த்தொரானா குடும்பத்தின் பெயரே தேவாலயத்துக்கும் நிலைத்தது. கனிகளின் வடிவிலும் நிறத்திலும் செய்யப்படும் சிசிலியின் பாதாம் இனிப்புக்கும் இம்மடத்தால்தான் 'மார்த்தொரானா' என்று பெயர்.

கன்னியரின் தேவைக்கேற்பக் கட்டடமும் மாறியது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்குப் பக்கம் நீட்டப்பட்டபோது பழைய முகமண்டபம் இடிக்கப்பட்டது. 1680-களில் பீடத்தின் பின்னிருந்த நடு அரைவட்ட மாடமும் அதன் மொசைக்குகளும் அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் பரோக் பாணிச் சிற்றாலயம் எழுந்தது. மொசைக் ஓவியங்களுக்கு நேர்ந்த பெரும் இழப்பு இதுவே. இத்தாலிய அரசு 1866-இல் துறவு மடங்களைக் கலைத்த பின் நடந்த சீரமைப்பு, நார்மன் காலத் தோற்றத்தை மீட்க முயன்றது.

20-ஆம் நூற்றாண்டில் பைசாந்திய வழிபாடு இங்கே திரும்பியது. ஒட்டோமானியர் பால்கன் பகுதியைக் கைப்பற்றியபோது, 15-ஆம் நூற்றாண்டில் சிசிலியில் குடியேறிய அல்பேனியர்கள் தங்கள் கிழக்கத்திய வழிபாட்டு முறையைக் காத்துக்கொண்டே போப்பாண்டவரின் தலைமையை ஏற்றவர்கள். 1937-இல் அவர்களுக்கெனத் தனி மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. இத்தேவாலயம் இன்று அம்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 2015-இல் பலெர்மோவின் அரபு-நார்மன் கட்டடங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது இடம்பெற்றது.