அம்மா ஊருக்கு மட்டும் செல்லாத புத்தகம்

அகதியாகப் போய் கனடாவிலோ ஐரோப்பாவிலோ நிலைத்துவிட்ட ஈழத்து நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், இந்தப் புத்தகத்தைப் பார்த்திருப்பீங்க. பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும், ஆனா பாஸ்போர்ட் கிடையாது. பெரும்பாலும் நீல அட்டை. பல நாடுகளில் இடது மேல் மூலையில் ரெண்டு கறுப்புக் கோடு சாய்வாக ஓடும். "டிராவல் டாக்குமெண்ட்" என்று போட்டிருக்கும். உள்ளே, இலங்கைக்கு மட்டும் செல்லாது என்ற அர்த்தத்தில் ஒரு வரி.

அம்மா யாழ்ப்பாணத்தில். புத்தகம் உலகம் பூரா செல்லும், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் செல்லாது. என்னடா இது அநியாயம் என்று தோணும். ஆனால் இது ஏதோ ஒரு குமாஸ்தா குசும்புக்குப் போட்ட விதி இல்லை. இதற்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

1914-க்கு முன்னால் மேற்கு ஐரோப்பாவில் பாஸ்போர்ட் இல்லாமலே ரயிலேறி நாடு விட்டு நாடு போகலாம், பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டாங்க. முதல் உலகப் போர் வந்தது, எல்லையில் காவல் வந்தது, காகிதம் கேட்டாங்க. போர் முடிந்த பிறகும் கேட்பதை நிறுத்தவில்லை. 1920-ல் பாரிஸில் மாநாடு போட்டு, பாஸ்போர்ட் என்றால் 32 பக்கம், இப்படி இப்படி இருக்கணும் என்று அளவே வகுத்துட்டாங்க. அதாவது, காகிதம் இல்லாதவன் இனி நகர முடியாது.

சரியாக அதே நேரத்தில்தான் ரஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பயந்து 10 லட்சத்துக்கும் அதிகமானவங்க வெளியே வந்து நின்றாங்க. 1921 டிசம்பர் 15-ல் சோவியத் அரசு ஒரு ஆணை போட்டது: அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனவங்க, எதிர்ப்படையில் இருந்தவங்க எல்லாம் இனி குடிமக்கள் இல்லை. ஒரே ஆணையில் லட்சக்கணக்கானவங்க நாடில்லாதவங்க ஆனாங்க.

இங்கே ஒரு நிமிஷம் விசா ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்க. ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து விசா கேட்டால் கவலை இல்லை. சேட்டை பண்ணினால் பிரான்சுக்கே திருப்பி அனுப்பிடலாம். ஆனால் நாடே இல்லாத ஒருத்தரை உள்ளே விட்டால்? பிறகு எங்கே அனுப்புவது? பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு அதில் இருக்கிற போட்டோவால் வருவதில்லை. "இவரை நாங்க திரும்ப எடுத்துக்கறோம்" என்று ஒரு நாடு கொடுக்கிற வாக்கால் வருகிறது. கதை பூரா இந்த ஒரு வாக்கைச் சுற்றித்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவர் ஃப்ரிட்யோஃப் நான்சன். நார்வேக்காரர். 1888-ல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் குறுக்கே கடந்த துருவ ஆய்வாளர். 1921-ல் சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு அண்ணன்) இவரை ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையராகப் போட்டது. 1922 ஜூலையில் ஜெனீவாவில் நாடுகளைக் கூட்டி, அகதிகளுக்கு ஒரு அடையாளச் சான்று கொடுக்க வைத்தார். அதுதான் பிற்பாடு "நான்சன் பாஸ்போர்ட்" என்று பேர் வாங்கியது. 1924-ல் ஆர்மீனியர்களுக்கும் நீட்டினாங்க. மொத்தம் சுமார் 4,50,000 பேர் வாங்கினதாகக் கணக்கு. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆனால் அந்த முதல் காகிதத்தில் ஒரு பெரிய ஓட்டை. இதை வைத்திருப்பதால் மட்டும், கொடுத்த நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமை கிடையாது என்று தெளிவாகவே எழுதிட்டாங்க! கிளம்பலாம், திரும்ப முடியுமா தெரியாது. பிறகு எந்த நாட்டு விசா ஆபீசர் முத்திரை குத்துவார்? 1926-ல் இன்னொரு உடன்பாடு போட்டு, கிளம்பும்போதே "திரும்பும் விசா" குத்திக் கொடுக்கலாம் என்று ஒத்துக்கிட்டாங்க. அதிலும் விதிவிலக்கு வைத்துக்கொள்ள நாடுகளுக்கு உரிமை.

இது என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஒரு ஆள். "லோலிதா" எழுதிய விளாதிமிர் நபகோவ். ரஷ்யாவை விட்டு வந்து பெர்லினில் இருந்தார், நான்சன் காகிதத்தோடு. அம்மா பிராக் நகரத்தில். பெர்லினிலிருந்து பிராக் ஒன்றும் தூரம் இல்லை, ரயிலில் ஒரு நாள் பயணத்துக்குள் அடக்கம். ஆனால் நடுவே எல்லை, எல்லைக்கு விசா. 1937-ல் விசாவுக்கு அலைந்து திரிந்து, ஒருவழியாகப் போய் அம்மாவைப் பார்த்தார். அதுதான் கடைசி. 1939-ல் அம்மா பிராகில் இறந்தபோது மகன் பக்கத்தில் இல்லை. தன் சுயசரிதையில் அந்தக் காகிதத்தைப் பற்றி அவர் அவ்வளவு கசப்பாக எழுதியிருக்கார் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஓட்டையை அடைத்தாங்க. 1951 ஜூலை 28-ல் ஜெனீவாவில் அகதிகள் ஒப்பந்தம். அதன் 28-வது பிரிவுதான் நம்ம நீலப் புத்தகத்தின் தாய். பின்னிணைப்பில் 16 பத்தி. கட்டணம் சொந்தக் குடிமக்களின் பாஸ்போர்ட்டுக்கு வாங்கும் குறைந்தபட்சக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. முடிந்தவரை அதிக நாடுகளுக்குச் செல்லணும். எல்லாத்தையும் விட முக்கியம் 13-வது பத்தி: புத்தகம் செல்லுபடியாகிற காலத்துக்குள் எப்போது திரும்பி வந்தாலும், கொடுத்த நாடு உள்ளே விட்டே ஆகணும். 1922-ல் மறுத்த வாக்கு 1951-ல் எழுத்தில் வந்தது. நான்சன் இதைப் பார்க்க இல்லை, 1930-லேயே போய்ச் சேர்ந்துட்டார்.

அப்படியானால் அம்மா ஊருக்கு ஏன் செல்லாது? அகதி நிலை என்பதே "என் சொந்த நாடு என்னைக் காப்பாற்றாது" என்ற பயத்தின் மேல் நிற்பது. அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களாகவே திரும்ப ஏற்றுக்கொண்டால் அகதி நிலை முடிந்தது என்று அதே ஒப்பந்தத்தின் முதல் பிரிவில் இருக்கு. கதவும் பூட்டும் ஒரே தச்சர் வேலை.

1983-க்குப் பிறகு போன ஈழத்தமிழர்கள் இந்தப் பூட்டோடுதான் வாழ்ந்தாங்க. அம்மா கொழும்பிலிருந்து விமானம் ஏறி சென்னைக்கோ திருச்சிக்கோ வருவாங்க. மகன் டொராண்டோவிலிருந்து நீலப் புத்தகத்தில் இந்திய விசா வாங்கி வருவார். ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு வாடகை வீட்டில் சந்திப்பு, கல்யாணம், பேரப்பிள்ளை முகம் பார்த்தல் எல்லாம். (இத்தனைக்கும் இந்தியா அந்த 1951 ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை!)

கனடாவில் பி.ஆர். கிடைத்தவங்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். 2002 ஜூனில் புதுக் குடிவரவுச் சட்டம் வந்தபோது, பழைய பெரிய காகிதத்துக்குப் பதிலாக பி.ஆர். கார்டு வந்தது. 2003 கடைசியிலிருந்து விமானம் ஏறித் திரும்பணும் என்றால் அந்தக் கார்டு வேணும். ஐந்து வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் பி.ஆர். நிலைக்கும். ஆனால் கார்டு திரும்பி வரத்தான் உதவும், வேறு நாட்டு விசாவுக்கு அதில் பக்கம் ஏது? அதற்குப் புத்தகம் வேணும். அகதியாக வந்தவர் என்றால் பி.ஆர். ஆன பிறகும் அதே நீலப் புத்தகம், அதே விதிவிலக்கு வரி.

பலர் என்ன நினைத்தாங்க என்றால், பி.ஆர். கிடைச்சாச்சு, இனி அகதிக் கதை முடிஞ்சுது. 2009-ல் போர் முடிந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. தூதரகத்தில் இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. முன்னெல்லாம் பி.ஆர். வாங்கியவருக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. 2012 டிசம்பரில் கனடா சட்டத்தை மாற்றியது. சொந்த நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப ஏற்றதாகத் தீர்ப்பானால், அகதி நிலையோடு பி.ஆர். நிலையும் சேர்ந்தே போகும். 2012-க்கு முன்னால் போன பயணத்தையும் கணக்கில் எடுத்தாங்க.

2022-ல் ஒரு கொலம்பியப் பெண்ணின் வழக்கில் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. ஏன் போனார், போனால் நிலை பறிபோகும் என்று தெரிந்தா போனார், அங்கே என்ன முன்னெச்சரிக்கையோடு இருந்தார், இதையெல்லாம் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்று சொன்னது. நல்ல விஷயம். ஆனால் சட்டம் அப்படியேதான் இருக்கு.

ஆக, 1922-ல் கேட்ட கேள்வியும் இன்றைக்குக் கேட்கிற கேள்வியும் ஒண்ணுதான்: போயிட்டுத் திரும்ப முடியுமா? குடியுரிமை வாங்கியவருக்கு அந்தச் சட்டப்பிரிவு பொருந்தாது. ஐந்து வருஷத்தில் 1,095 நாள் இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி வரும். உங்க வீட்டிலோ நட்பிலோ அப்படி வந்து இன்னும் பி.ஆரிலேயே நிற்கிறவர் இருந்தால், டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் சென்னையில் ஒரு வாடகை வீடு பிடிப்பது உத்தமம். அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க.