நான்கு பைத்துல் மால்களும் நம் வீட்டுக் காகித உறைகளும்

மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளப் பணத்தை எடுத்து வந்து, வாடகை, மளிகை, பால், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், மருந்து, ஸதகா எனத் தனித்தனி உறைகளில் இட்டு, ஒவ்வோர் உறையின் மேலும் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் மீண்டும் தலைகாட்டியுள்ளது. கைபேசியில் விரல் பட்டதும் பணம் போய்விடுகின்ற காலத்தில் இது நல்ல தற்காப்பே. ஆயினும் இதனை வெறும் சிக்கன உத்தியாக மட்டும் பார்ப்பது குறைபாடான பார்வையாகும். பணத்தை அதன் நோக்கத்திற்கேற்பப் பிரித்து வைப்பதற்கு இஸ்லாமிய வரலாற்றில் ஆழமான வேர் உண்டு. அந்த வேர் சிக்கனத்தில் இல்லை. ‘ஹக்’ எனப்படும் உரிமையில் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில்

ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில் பனூ நளீர் கூட்டத்தார் மதீனாவிலிருந்து வெளியேறிய பின்னர், அவர்களின் நிலங்கள் நபி (ஸல்) அவர்களின் பொறுப்பில் வந்தன. அவற்றின் வருவாயிலிருந்து தம் குடும்பத்தாரின் ஓராண்டுச் செலவுக்கு வேண்டியதை நபியவர்கள் முதலில் ஒதுக்குவார்கள். எஞ்சியதை அல்லாஹ்வின் பாதையில் ஆயுதங்களுக்காகவும் குதிரைகளுக்காகவும் செலவிடுவார்கள். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

அதே நபியவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகாக இருந்தது என்பதும் புகாரியிலேயே உள்ளது. ஓராண்டுக்கு ஒதுக்கியவர்கள் வீட்டில் எவ்வாறு இந்த நிலை? ஒதுக்கி வைத்தது உண்மை; ஆனால் ஆண்டு முடிவதற்குள் அதனையும் நற்காரியங்களில் செலவழித்துவிடுவார்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்கமளிக்கிறார்கள். ஆகவே, குடும்பத்திற்கென ஒதுக்குவது தவக்குலுக்கு முரணானதன்று. ஒதுக்கியதை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதும் மார்க்கம் கேட்பதன்று.

மூன்று திர்ஹம்

மதாயின் நகரின் ஆளுநராயிருந்த ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்கள், தமக்குக் கிடைத்த அரசு மானியத்தைத் தர்மம் செய்துவிட்டு, பேரீச்ச ஓலை முடைந்து அந்த வருவாயில் வாழ்ந்தார்கள். ஒரு திர்ஹமுக்கு ஓலை வாங்குவார்கள். முடைந்ததை மூன்று திர்ஹமுக்கு விற்பார்கள். அவற்றில் ஒன்று மறுபடியும் ஓலைக்கு, ஒன்று குடும்பத்திற்கு, ஒன்று ஸதகாவுக்கு. இதனை இப்னு ஸஅத் (ரஹ்) தம் ‘தபகாத்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். தோட்டக்காரர் ஒருவர் தம் விளைச்சலை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கைத் தர்மமாகக் கொடுத்து, ஒரு பங்கைக் குடும்பத்தோடு உண்டு, ஒரு பங்கை நிலத்திற்கே திருப்பிய செய்தியும் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அவருடைய தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுமாறு மேகத்திற்குக் கட்டளை பிறந்தது என்பது அந்த ஹதீஸின் தொடக்கம்.

இவ்விரு செய்திகளிலும் முதலுக்கான பங்கு விடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாளை ஓலை வாங்க ஒரு திர்ஹம் இல்லையெனில், நாளைய குடும்பச் செலவும் இல்லை, நாளைய ஸதகாவும் இல்லை.

நான்கு கருவூலங்கள்

ஒரு வீட்டில் கண்ட இந்த ஒழுங்கை அரசின் கருவூலத்திலும் காண்கிறோம். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காகக் ‘கிதாபுல் கராஜ்’ நூலை எழுதிய இமாம் அபூ யூசுஃப் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 182), நிலவரிப் பணத்தை ஸகாத் பணத்தோடு கலக்கலாகாது என்று வலியுறுத்தினார்கள். நிலவரி முஸ்லிம்கள் அனைவருக்கும் பொதுவானது. ஸகாத்தோ குர்ஆனின் 9:60ஆம் வசனம் பெயர் சுட்டிய எட்டு வகையினருக்கு உரியது. வசூலிக்கும் அலுவலர்களும் வெவ்வேறானவர்களாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து.

பின்வந்த ஹனஃபீ அறிஞர்கள் இதனை நான்கு பைத்துல் மால்களாக வகுத்தனர். இமாம் காஸானீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 587) தம் ‘பதாயிஉஸ் ஸனாயிஉ’ நூலில் அவற்றை விவரிக்கிறார்கள். முதலாவது, ஸகாத்தும் உஷ்ரும். இரண்டாவது, போர்ப்பொருள், சுரங்கம், புதையல் ஆகியவற்றின் ஐந்திலொரு பங்கு. மூன்றாவது, கராஜ், ஜிஸ்யா போன்றவை. இவற்றிலிருந்து படைவீரர், காழிகள் ஆகியோரின் ஊதியமும் பாலம், சாலைச் செலவும் நடந்தன. நான்காவது, வாரிசு இல்லாதோர் விட்டுச்சென்ற சொத்து. இதிலிருந்து ஏழை நோயாளிகளுக்கு மருந்தும், பொருளின்றி இறந்தோருக்குக் கஃபனும், கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பராமரிப்பும் வழங்கப்பட்டன.

ஒரு கருவூலம் காலியாகிவிட்டால் என்ன செய்வது? ஔரங்கசீப் ஆட்சியில் இந்திய உலமாக்கள் குழுவாக அமர்ந்து தொகுத்த ‘ஃபதாவா ஆலம்கீரி’ இதற்கு விடை தருகிறது. பணம் உள்ள கருவூலத்திலிருந்து ஆட்சியாளர் எடுக்கலாம். ஆனால் அது கடன். ஸகாத் கருவூலத்திலிருந்து எடுத்துப் படைவீரர்களுக்குக் கொடுத்திருந்தால், கராஜ் வந்தவுடன் அந்தத் தொகை ஸகாத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த வீரர்களே ஏழைகளாக இருந்தால் மட்டும் அது கடனாகாது. ஏனெனில் ஸகாத்தில் அவர்களுக்கே பங்குண்டு. ஒரே ஆட்சியாளரின் கையிலுள்ள இரண்டு பெட்டிகளுக்கு இடையில்கூடக் கொடுக்கல் வாங்கல் கணக்கு உண்டு என்று வகுத்த அந்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்!

நம் இல்லங்களில்

இது நம் ஊர்களுக்கும் அந்நியமானதன்று. உலையில் அரிசி இடும் முன் ஒரு பிடியை மத்ரஸாவுக்கெனத் தனிப் பானையில் போட்ட நம் பாட்டிமார்கள் எந்தக் கிதாபையும் ஓதியிருக்கவில்லை. ஆனால் எவ்வளவு வறுமையிலும் அந்தப் பானையில் கைவைக்கவும் இல்லை. அது பிறருடைய ஹக் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று மாதக் கடைசியில் நெருக்கடி வரும்போது முதலில் திறக்கப்படும் உறை எது? பெரும்பாலும் ஸதகா உறை. அடுத்தது மனைவியிடம் கொடுத்த மளிகைப் பணம். கேட்பதற்கு ஆளில்லாத உறையே முதலில் காலியாகிறது. அதுவும் தீர்ந்தபின் சிலர் வட்டிக் கடனின் வாசலில் போய் நிற்கின்றனர். இந்த இடத்தில்தான் ஃபுகஹாக்கள் வகுத்த விதி நமக்குத் துணை வருகிறது.

ஓர் உறையிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்தால், தேதியும் தொகையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை அதே உறைக்குள் வையுங்கள். அடுத்த சம்பளத்தில் முதலில் அந்தச் சீட்டைத் தீருங்கள். மனைவி மக்களின் நஃபகா கணவனின் கொடை அன்று, அவர்களின் உரிமை. ஆகவே மளிகை உறையிலிருந்து எடுப்பவர் சீட்டு எழுதத் தயங்கக் கூடாது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த ஸகாத் பணம் அமானிதம். அதிலிருந்து சீட்டு எழுதியும் எடுக்கலாகாது. நம்முடைய ஸகாத்தை உறையில் ஒதுக்கி வைத்துவிட்டதால் மட்டும் கடமை நீங்கிவிடாது. உரியவர் கைக்குச் சேர்ந்தால்தான் நீங்கும். அந்த உறை அலமாரியில் மாதக்கணக்கில் உறங்கக் கூடாது.

திமிஷ்கின் உமவிய்யா பள்ளிவாசல் முற்றத்தில், எட்டுத் தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும் ஒரு சிறு மண்டபத்தை இன்றும் காணலாம். அப்பாஸிய்யாக்கள் காலத்துப் பைத்துல் மால் அது. தொழ வருவோர் அனைவரின் கண்ணெதிரே, எளிதில் எவர் கையும் எட்டாத உயரத்தில் மக்களின் பணத்தை வைத்தார்கள். நம் வீட்டு உறைகளும் அவ்வாறே இருக்கட்டும்: கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்த இடத்தில், இருவரும் அறிந்த கணக்கோடு.

உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் மனத்தையும், வட்டியின் பக்கம் போகாத வாழ்வையும், குறைவிலும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.