எந்த நாடு நல்ல நாடு? – ஓர் அளவுகோலின் வரலாறு

விருத்தாசலத்தில் படித்த நமக்கெல்லாம் மணிமுத்தாற்றுக் கதை தெரியும். சுந்தரர் திருமுதுகுன்றத்து இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதை இங்கே ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது" என்ற பேச்சுக்கு இதுதான் மூலம் என்பார்கள். ஆனால் கதையின் அடுத்த பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சுந்தரர் விவரமானவர். ஆற்றில் போடுமுன் கொஞ்சம் பொன்னை மாதிரிக்காக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு ஒப்பிட்டால் மாற்று குறைவாக இருந்ததாம்! உரைத்துப் பார்த்துச் சொன்ன பிள்ளையார், மாற்றுரைத்த பிள்ளையார் என்ற பெயரோடு இன்றும் திருவாரூரில் இருக்கிறார்.

எடை சரியாக இருந்தால் போதாது, மாற்றும் பார்க்க வேண்டும். நாடுகளை ஒப்பிடும் விஷயத்தில் இதைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு ரொம்ப காலம் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இந்த மலரில் சொல்ல விரும்புகிறேன். காரணம் உண்டு. இறுதியாண்டுத் தம்பிகளைச் சந்திக்கும்போதெல்லாம் வருகிற முதல் கேள்வி, "சார், மோர்பிக்குப் போகலாமா, துபாய்க்குப் போகலாமா, எந்த ஊரு பெஸ்ட்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எதை வைத்து அளப்பது?

தெர்மோகப்பிள் காலம்

இந்தியனின் தலா வருமானத்தை முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் தாதாபாய் நௌரோஜி. 1876-இல் பம்பாயில் அவர் படித்த கட்டுரையில், அரசாங்கத்தின் சொந்த அறிக்கைகளைக் கொண்டே மாகாணம் மாகாணமாக விளைச்சலைக் கூட்டினார். தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 20 ரூபாய் என்று வந்தது. அதோடு விடவில்லை. சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்தார். குற்றம் செய்தவனுக்கு ஆகும் செலவுகூட, குற்றம் செய்யாத குடியானவனுக்கு வருமானமாகக் கிடைக்கவில்லை! வெறும் எண்ணை வாழ்க்கையோடு உரைத்துப் பார்த்த முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று.

அடுத்த பெரிய பெயர் சைமன் குஸ்நெட்ஸ். பெருமந்தக் காலத்தில், 1934-இல், அமெரிக்க செனட் சபைக்குத் தேசிய வருமானக் கணக்கைத் தயாரித்துக் கொடுத்தவர். அந்த அறிக்கையிலேயே, ஒரு தேசத்தின் நலனை இந்த எண்ணிலிருந்து ஊகித்துவிட முடியாது என்று எச்சரித்தார். எண்ணை எடுத்துக்கொண்ட உலகம் எச்சரிக்கையை விட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எந்த நாடு முன்னேறியது என்றால், யாருடைய தலா வருமானம் அதிகம் என்றே அர்த்தமாகிப்போனது. நம் நாட்டிலும் 1949-இல் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது. அது தேவையான வேலைதான். ஆனால் அது தெர்மோகப்பிள் வேலை.

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெர்மோகப்பிள் சூளையில் ஓரிடத்தின் வெப்பநிலையைச் சொல்லும். உள்ளே இருக்கும் பண்டம் வெந்ததா என்று சொல்லாது. அதற்காகத்தான் ஹெர்மன் சீகர் 1886-இல் பெர்லின் பீங்கான் ஆலையில் கோனை உருவாக்கினார். பண்டம் செய்யும் மண்வகைப் பொருள்களையே கலந்து செய்த சிறு கூம்பு. வெப்பமும் நேரமும் சேர்ந்து அந்த மண்ணை என்ன செய்தது என்பதைத் தன் தலையைச் சாய்த்துக் காட்டும். மீட்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கோன் சாயாவிட்டால் பண்டம் வேகவில்லை.

நாடுகளுக்கும் அப்படி ஒரு கோன் வேண்டும். பணம் எவ்வளவு வந்தது என்பதல்ல, வந்த பணம் மனிதனை என்ன செய்தது என்று காட்டும் கோன்.

நம் மாவட்டத்து ஊர் ஒன்று

அந்தத் தேடலின் ஆரம்பங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரி முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915-இன் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். வந்தவர் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, "உங்கள் சொந்த ஊருக்குப் போய் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, வீடு எப்படி, பள்ளிக்கூடம் உண்டா என்று கேள்விகள். அவை 1918-இல் புத்தகமாக வந்தன. அதில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து இடம்பெற்ற ஊர் இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருக்கிறது.

அதே ஊரை 1930-களில் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் குழு மறுபடி பார்த்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் போனார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுக் காலத்தில் ஒரே ஊருக்குப் பலமுறை கோன் வைத்துப் பார்த்தது போல!

அவர்கள் கண்டது என்ன? விவசாயம் அங்கே ஒரேயடியாகச் செழித்துவிடவில்லை. ஆனால் பெருநிலக்காரர் குடும்பத்தின் பிடி தளர்ந்துவிட்டது. விவசாயத்துக்கு வெளியே வேலைகள் வந்தன. தலித் குடும்பங்கள் மேல்சாதியார் தயவில்லாமல் நிற்க முடிந்தது. ரேஷன் கடை போன்ற அரசுத் திட்டங்கள் பெரிய தாங்கலாக இருந்தன. "இன்னார் நிலத்தில்தான் வேலை, இன்னார் சொன்னால்தான் கஞ்சி" என்ற நிலை மாறியதை எந்தத் தலா வருமானக் கணக்கும் காட்டாது. வாழ்க்கைத்தரம் என்பதில் அதுவும் சேர்த்திதானே.

கோன் வந்த கதை

எழுபதுகளில் உலக அளவிலும் மனம் மாறத் தொடங்கியது. 1975-இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம், கே.என். ராஜ் வழிகாட்டலில், கேரளத்தைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. ஐ.நா. சபை அதை வெளியிட்டது. வருமானம் குறைந்த மாநிலம், ஆனால் எழுத்தறிவும் ஆயுளும் அதிகம் என்பது பொருளாதார உலகத்துக்கே புதுச் செய்தி. 1979-இல் அமெரிக்கரான மோரிஸ் டேவிட் மோரிஸ், குழந்தை இறப்பு, ஆயுள், எழுத்தறிவு மூன்றை மட்டும் வைத்து ஒரு வாழ்க்கைத்தரக் குறியீட்டை உருவாக்கினார். பணத்துக்கு அதில் இடமே இல்லை.

பிறகு 1990. பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹபூப் உல் ஹக், தன் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் அமர்த்தியா சென்னின் துணையோடு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் மனித மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டார். இத்தனை பெரிய விஷயத்தை ஒரே எண்ணில் அடக்குவது முரட்டுத்தனம் என்று சென் தயங்கினார். தலா வருமானமும் முரட்டு எண்தான், அதைத் தள்ளிவைக்க இன்னொரு முரட்டு எண்ணே வேண்டும் என்பது ஹக்கின் வாதம். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0-விலிருந்து 1-க்குள் ஓர் எண். வருமானத்தை மடக்கைக் கணக்கில் எடுத்தார்கள். அதாவது ஏழைக்குக் கூடும் ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பு அதிகம், பணக்காரனுக்குக் கூடும் ஆயிரத்துக்குக் குறைவு.

முதல் அறிக்கையிலேயே பல நாடுகளின் இடம் மாறிப்போனது. இலங்கையைவிடப் பன்மடங்கு வருமானம் உள்ள சவூதி அரேபியா, எழுத்தறிவில் இலங்கைக்குப் பின்னால் நின்றது.

2025-இல் வந்த அறிக்கை 2023-ஆம் ஆண்டு நிலவரத்தைத் தருகிறது. ஐஸ்லாந்து 0.972 பெற்று முதலிடம். இலங்கை 89-ஆவது இடம். இந்தியா 0.685 பெற்று 193 நாடுகளில் 130-ஆவது இடம். சோர்ந்துவிட வேண்டாம். 1990-இல் 59-ஐத் தொடாத இந்தியரின் சராசரி ஆயுள், 2023-இல் 72 ஆகிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் பதின்மூன்று ஆண்டு கூடியிருக்கிறது.

ஒரே கோன் போதுமா?

இனிதான் முக்கியமான இடம். சூளையின் நடுத்தட்டில் ஒரே கோன் வைத்துவிட்டு, "எல்லாம் வெந்துவிட்டது" என்று கதவைத் திறந்தால் என்ன ஆகும்? கீழ்த்தட்டு மூலையில் பச்சையாக நிற்கும் பண்டம் நம் மானத்தை வாங்கிவிடும்.

இலங்கையைப் பாருங்கள். 1945-இலிருந்து இலவசக் கல்வி, இலவச மருத்துவம், அரிசிப் பங்கீடு என்று ஏழை நாடுகளுக்கே முன்மாதிரி. எல்லாக் குறியீட்டிலும் அதன் கோன் அழகாகச் சாய்ந்தது. ஆனால் அந்தச் சராசரிக்குள்ளே மலையகத் தோட்டங்களில் நம் தமிழர்கள் இருந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எழுபதுகளில்கூடத் தோட்டத்து லயங்களில் குழந்தை இறப்பு நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். சராசரியில் அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

இன்னொன்று, பாதுகாப்பு. மோரிஸின் புத்தகம் இலங்கையைப் புகழ்ந்த நான்கே ஆண்டுகளில் 1983 ஜூலை வந்தது. பிறகு 2009 வரை போர். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய நாட்டிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபம் முகாமுக்கு ஓடிவந்தார்கள். குறியீட்டில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. நாடுகளின் அமைதியை அளக்கும் தனிக் குறியீடு 2007-இல்தான் வந்தது. மறு ஆண்டிலிருந்து அதில் முதலிடம் ஐஸ்லாந்துக்கு.

ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்கும் குறியீட்டை ஐ.நா. 2010-இல் சேர்த்தது. அப்படிக் கழித்துப் பார்த்தால் இந்தியாவின் மதிப்பெண்ணில் 30 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. நம் சூளையில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் அவ்வளவு வித்தியாசம்!

வீட்டுப் பக்கமே பாருங்களேன். தமிழ்நாட்டின் 2017 மனித மேம்பாட்டு அறிக்கையில் முதலிடம் கன்னியாகுமரி. கடைசி இடம் எது தெரியுமா? நமக்கு அண்டை மாவட்டமான அரியலூர். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த பூமி. தமிழ்நாட்டில் எத்தனையோ கட்டிடங்களை நிமிர்த்திய மண், தன் பிள்ளைகளுக்கு மதிப்பெண் வாங்கித் தரவில்லை. மண்ணுக்கடியில் செல்வம் இருப்பது வேறு, அது வீட்டுக்குள் வருவது வேறு.

அதே சமயம் தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெருமைப்படவும் இருக்கிறது. 2020-இல் ஆயிரம் குழந்தைகளுக்கு இறப்பு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இதைத் தலா வருமானம் மட்டும் செய்யவில்லை. காமராஜர் காலத்தில் தொடங்கி 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு, ஆரம்ப சுகாதார நிலையம், படித்த தாய்மார்கள் எல்லாம் சேர்ந்து செய்தது. கேரளம் அந்த ஆண்டில் 6. ஆக, நமக்கு இன்னும் வேலை பாக்கி.

தம்பிகளுக்கு

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டியலில் முதலாவதாக இருக்கும் நாட்டில் சராசரி மனிதன் நன்றாக வாழ்கிறான். நீங்கள் அங்கே சராசரி மனிதனாகப் போவதில்லை. ஒரு குறிப்பிட்ட தட்டில், ஒரு குறிப்பிட்ட மூலையில் வைக்கப்படுவீர்கள். ஆகவே சம்பளத்தைக் கேட்ட பிறகு இவற்றையும் கேளுங்கள். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? பிடிக்காவிட்டால் வேறு வேலைக்கு மாறலாமா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? சூளைத் தூசிக்கு முகமூடி தருவார்களா? ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வரலாமா? குடும்பத்தைக் கூட்டிவர முடியுமா? இதே கேள்விகளை நம்ம ஊர்த் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும்போதும் கேளுங்கள். வெளிநாடு என்றால் மோசம் என்றோ, உள்ளூர் என்றால் சொர்க்கம் என்றோ நான் சொல்லவில்லை. எங்கே போனாலும் மாற்றை உரைத்துப் பாருங்கள் என்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் முன்னாள் மாணவர்கள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் இருக்கும் இடத்தைப் பற்றி, சம்பளத்தை மட்டும் சொல்லாமல் மேலே சொன்ன கேள்விகளுக்கும் பதிலாக, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் என்ன? இந்நாள் மாணவர்களும், ஸ்லேட்டரின் மாணவர்கள் செய்தது போல, விடுமுறையில் அவரவர் சொந்த ஊரைப் பற்றி எழுதலாம். பள்ளி, தண்ணீர், கூலி, கடன், பெண்கள் தனியே போய்வரும் பாதை, எல்லாவற்றையும். அடுத்த மலரில் அவற்றை வெளியிடுவோம். ஐ.நா. அறிக்கையில் கிடைக்காத விவரம் நம் கையில் இருக்கும். எந்தத் தட்டில் எது வெந்தது, எது இன்னும் பச்சை என்று தெரிந்தால்தானே அடுத்த சூளையைச் சரியாக அடுக்க முடியும்?