ஒரு டேப்பின் பெட்டி எல்லா டேப்பையும் பூட்டிய காலம்

வாலாஜாபாத் போன்ற வட்டத் தலைநகரின் இ-சேவை மையத்தில், ஒரே கணினியில் நான்கைந்து டேப்கள் திறந்திருப்பது வழக்கம். ஒன்றில் வருமானச் சான்று விண்ணப்பம், அடுத்ததில் மின்கட்டணம், இன்னொன்றில் ஓடிபி கேட்டு நிற்கும் ஆதார் பக்கம். இதில் ஏதோ ஒரு டேப் எழுப்பும் சின்னப் பெட்டி மற்ற எல்லாவற்றையும் முடக்கிவிடலாமா? கூடாது என்ற இன்றைய விதியை எட்ட, பிரவுசர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில், இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். திரையில் பெட்டி எழுப்பும் அலர்ட், கன்ஃபர்ம், பிராம்ப்ட் ஆகிய மூன்று கட்டளைகளும் அந்தத் தொடக்க காலத்தவை. பெட்டி வந்ததும் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். ஓகே அழுத்தினால்தான் நகரும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி, 'டிங்' என்ற ஒலி ஆகியவற்றோடு அது வந்து நின்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு ஜன்னலில் ஒரே பக்கம் பார்த்த வரை அது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை.

டேப் வந்ததும் கணக்கு மாறியது. 2004 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 1.0 டேப்களைப் பரவலாக்கியது. 2006-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7-ம் அதையே பின்பற்றியது. விளம்பர ஜன்னல்களைத் தடுக்கும் வசதியும் ஏறக்குறைய அதே காலத்தில் பிரவுசர்களுக்குள் வந்துவிட்டது. ஆனால் அலர்ட் பெட்டிக்கு மட்டும் பழைய அதிகாரம் அப்படியே இருந்தது. பின்னணியில் கிடக்கும் டேப் ஒன்று பெட்டியை எழுப்பினால், முன்னால் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் கையும் கட்டுப்படும்.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை தலைமையேற்று உருவாக்கிய குரோம், 2008 செப்டம்பர் 2-ம் தேதி வெளியானது. ஒரு பக்கம் செயலிழந்தாலும் மற்றவை பிழைக்கும்படி, டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்ததே அதன் பெரிய சாதனை. அந்தக் குரோமிலும் அலர்ட் மட்டும் பல ஆண்டுகள் எல்லை தாண்டிக்கொண்டே இருந்தது. 2011 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 4 முந்திக்கொண்டு, பெட்டியை அதன் டேப்புக்குள் அடக்கியது. குரோம் 2017-ல்தான் அந்த வழிக்கு வந்தது: பின்னணி டேப் தன்னை முன்னால் இழுத்துவர முடியாது, பயனர் வேறு டேப்புக்குப் போனால் பெட்டி தானே மூடிக்கொள்ளும். பயனரைக் கூப்பிட வேண்டிய நாள்காட்டி, அரட்டைத் தளங்கள் அனுமதி பெற்று அறிவிப்பு அனுப்பட்டும் என்பது குரோம் தரப்பின் பதில். நியாயமான பதில்.

இந்தத் தாமதத்தில் லாபம் பார்த்தவர்கள் மோசடிக்காரர்கள். 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்' என்ற பெட்டியைத் திரும்பத் திரும்ப எழுப்பி, பயந்தவர்களிடம் பணம் பறித்தார்கள். மறுபக்கம், 2019 மார்ச்சில் ஜப்பானின் ஹியோகோ மாகாணக் காவல்துறை, முடிவில்லாமல் அலர்ட் எழுப்பும் பக்கத்தின் இணைப்பைப் பகிர்ந்ததற்காக 13 வயதுச் சிறுமியை விசாரித்தது. டேப்பை மூடினாலே தீரும் விளையாட்டு அது. பிரவுசர் தீர்க்க வேண்டிய சிக்கலுக்காக ஒரு குழந்தை காவல்துறைக்குப் பதில் சொல்ல நேர்ந்தது பெரும் அநீதி.

2021 ஜூலையில் குரோம் 92 இன்னொரு அடி எடுத்துவைத்தது. ஒரு தளத்துக்குள் பதிக்கப்பட்ட வேறு தளத்தின் சட்டகம் அலர்ட் எழுப்புவதைத் தடுத்தது. அந்தச் செய்தி யாருடையது என்று பயனர் ஏமாறக்கூடும் என்பது காரணம். நோக்கம் சரி. ஆனால் நிரல் கற்பிக்கும் தளங்கள் பல ஒரே நாளில் உடைந்தன. மாணவர்களின் முதல் பாடமே அலர்ட்தானே! எதிர்ப்பு வலுத்ததும் குரோம் அந்த மாற்றத்தைத் தள்ளிவைத்தது.

பிரவுசர்கள் தம் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டன. இனி பொறுப்பு தளங்களைக் கட்டுபவர்களுடையது. 2022 மார்ச் முதல் எல்லா முக்கியப் பிரவுசர்களும் 'டயலாக்' என்ற எச்டிஎம்எல் உறுப்பை ஏற்கின்றன. அரசு, வங்கித் தளங்களை எழுதுபவர்கள் அலர்ட்டைக் கைவிட்டு அதற்கு மாறட்டும். வாசகர்களுக்கு ஒன்று: தொலைபேசி எண்ணோடு மிரட்டும் பெட்டி வந்தால் அழைக்காதீர்கள், டேப்பை மூடுங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.